லேமெட்சாக் குழிக்கல்

முழங்காலுக்கடியில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு எப்போதோ நனைந்து ஊறிவிட்டது, இனிமேல் அதை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று பவளக்கொடி தூரிகையை மறுபடியும் மண்ணுக்குக் கொண்டுபோனாள். தலைக்கு மேலே கட்டிய நீலத் தார்ப்பாயில் மழை விழுகிற சத்தம் பொரி வறுக்கிற மாதிரி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, பொரி, சூடான பொரி, காலையில் குடித்த காப்பியோடு சரி, சாப்பிட வேண்டும், ஆனால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், இருட்டினால் போச்சு. எஸ்தோனியாவில் அக்டோபர் மாதத்துச் சாயங்காலம் சொல்லிக்கொண்டு வருவதில்லை, வெளிச்சம் இருக்கிறது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ துணி போட்டு மூடிய மாதிரி போய்விடும். புதுச் சாலைக்காகப் பேசிய பேச்சே அப்படித்தான், இன்று வெளிச்சம் இருக்கிறவரை கல் தொல்லியல்காரர்களுக்கு, விடிந்தால் சாலைக்காரர்களுக்கு. வயலோரத்தில் மஞ்சள் எந்திரம் இப்போதே வந்து உறுமிக்கொண்டு நிற்கிறது, அதன் கூண்டுக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ராய்வோ, சாலை கம்பெனியின் எஞ்சினியர், கெட்டவன் இல்லை, காலையில் அவளுக்கு வேறு கையுறை கொடுத்தான், கல்லை உடைக்க மாட்டோம் மேடம், பத்திரமாகத் தூக்கிக்கொண்டுபோய் சூப்பர் மார்க்கெட் வாசலில் வைப்போம், பக்கத்தில் அழகாக ஒரு பலகை, என்றான். பலகை. கார் நிறுத்துமிடத்துக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் ஒரு பலகை. அவளுக்கு முன்னால் அந்தக் கல் எதற்கும் அசையாமல் கிடந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமாக இருந்தால் யானை படுத்திருக்கிற மாதிரி என்பார்கள், இங்கே லேமெட்சாவில் யானைக்கு எங்கே போவார்கள், படுத்த பசு என்கிறார்கள். செம்புள்ளி விழுந்த கருங்கல், ஃபின்லாந்துப் பாறை, ஒரு காலத்தில் பனியாறு பெயர்த்தெடுத்துக் கடல் தாண்டி இழுத்துவந்து இந்தச் சுண்ணாம்புக்கல் பூமியில் போட்டுவிட்டுப் போனது. முதுகு முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், கொய்யாப்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தால் ஒவ்வொன்றிலும் கச்சிதமாக உட்காரும். இப்போது அவற்றில் மழைத்தண்ணீர் நின்றது.

அந்தக் குழிகளை வெட்டியது யார் என்பதுதான் கேள்வி, அவளுடைய மூன்று வருஷத்துத் தூக்கத்தைத் தின்ற கேள்வி. எஸ்தோனியர்கள், ஃபின்லாந்துக்காரர்கள், தூரத்து வோல்கா நதிக்கரையில் சிதறிக் கிடக்கும் சிறுசிறு சனங்கள், இவர்கள் பேசுவதெல்லாம் ஒரே குடும்பத்து மொழிகள், ஃபின்னோ-உக்ரிக் என்று அதற்குப் பெயர். சிலுவை இந்தக் கரையில் வந்து இறங்குவதற்கு ரொம்ப முன்னால் மரத்தையும் ஊற்றையும் கல்லையும் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்து மூதாதைகள்தான் இவற்றைத் தோண்டி, விளைச்சலின் முதல் பிடியை இவற்றில் போட்டார்கள் என்று, கூட வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்து ஹெல்யு சொல்கிறாள். அதெல்லாம் கட்டுக்கதை, மழையும் பனியும் அரித்த பள்ளங்கள், மிஞ்சிப்போனால் பண்ணைக்காரன் எவனோ கல்லை உடைக்கப் பார்த்த தழும்பு என்று, எது தொல்சின்னம் என்று முடிவுசெய்கிற குழு சொல்லிவிட்டது. மனிதக் கை பட்டதற்கு உறுதியான சான்று இல்லை. ஒரே வரி. அந்த வரி அவளை விடவில்லை, தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் மனிதக் கை, இன்னொரு இழுப்புக்கு உறுதியான, அடுத்த இழுப்புக்கு இல்லை. அந்தக் கூட்டத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். குழியின் உள்வட்டத்தைத் தடவிப் பாருங்கள், அரிப்பு இப்படி வழவழப்பாக இருக்காது, வேண்டுமென்று தேய்த்த வழவழப்பு இது, விரலுக்கே தெரியும் என்று தனக்குத் தெரிந்த எஸ்தோனிய மொழியில் திக்கித் திக்கிச் சொன்னாள். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப மரியாதையாகக் கேட்டார், உங்கள் நாட்டில் விரல் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்களா? யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை, எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள், அதுதான் இன்னமும் தூக்கத்தில் வந்து எழுப்புகிறது. உங்கள் நாட்டில். உங்கள் நாட்டில். என் நாட்டில் எங்கள் சேலம் ஜில்லாக் கல்லூரியில் நான் கல்லைத் தடவித்தான் ஐயா கல்லைப் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம், சொற்கள் வெளியே வருவதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். சரி, சொல்லித்தான் என்ன, மேலே இருக்கிற குழியை எவன் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வெட்டியிருக்கலாம் என்று அவர்கள் கேட்டால் அவளிடம் பதில் இல்லையே. அதனால்தான் இந்தப் பள்ளம். கல்லின் தோள் ஒன்று மண்ணுக்குள் சரிந்து புதைந்து கிடக்கிறது, அந்தப் புதைந்த தோளில் ஒரு குழி, ஒன்றே ஒன்று, இருந்து, அதன் மேலே பழைய மண் கலையாமல் படுத்திருந்தால், அந்த மண்ணைவிட மூத்தது குழி. மண்ணுக்கு வயது பார்க்கலாம். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறபோது எல்லாம் சுலபமாகத்தான் இருக்கிறது.

"பவளா, கை மரத்துப்போச்சா? நான் வேணா கொஞ்ச நேரம் பாக்கட்டுமா?" என்றாள் ஹெல்யு. தார்ப்பாயின் ஒரு முனையைக் கொம்பில் கட்டியும் அது பறந்ததால் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள், தலையெல்லாம் வெள்ளை, ஆள் மட்டும் தேக்குமரம் மாதிரி, போன வாரம் முதுகு பிடித்துக்கொண்டதால் குனியக் கூடாது. "வேண்டாம், நீங்க குனிஞ்சா உங்களையும் சேத்துத்தான் எந்திரம் தூக்கணும்" என்றாள் பவளக்கொடி. ஹெல்யு சிரிக்கவில்லை. அவள் சிரிக்கிற ஜாதி இல்லை. பல்கலைக்கழகத்தில் ஓய்வுக்கு முந்தின கடைசி வருஷம் அவளுக்கு, இந்தக் கல்லைப் பற்றி வாழ்நாளில் எழுதியதெல்லாம் யாரோ ஒருவருடைய புத்தகத்தில் அடிக்குறிப்பாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒருநாள் காரில் வரும்போது சொன்னாள், எங்க பாஷையில கல்லுக்கு கிவி, ஃபின்லாந்துல கிவி, ஹங்கேரிக்காரன் க்யோங்கிறான், வோல்காப் பக்கத்து மாரிக்காரங்க க்யூங்கிறாங்க, எத்தனையோ ஆயிரம் வருஷம் ஆளுக்கொரு திசையா பிரிஞ்சு போனோம், ரொட்டி மாறிப்போச்சு, சாமி மாறிப்போச்சு, கல்லு மட்டும் கையிலயே இருக்கு. சொல்லிவிட்டு கண்ணாடியைத் துடைக்கும் கம்பியைப் போட்டாள், மழையே இல்லாதபோது. அன்றைக்குத்தான் பவளக்கொடிக்குப் பயம் பிடித்தது, இந்த அம்மாவுக்காகவாவது ஏதாவது கிடைத்தாக வேண்டுமே என்ற பயம், கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவள் கண்ணுக்கு எதுவும் கிடைக்குமே என்ற அதைவிடப் பெரிய பயம். அவளுக்கு ஆசை இல்லாமலா இருக்கிறது. முதல்முதலாக இந்தக் குழிகளைப் பார்த்தபோது அடிவயிற்றில் ஏதோ திடுக்கென்றது, எங்கள் பக்கத்திலும் பழைய புதைகுழிக் கற்களில் இதே மாதிரி குழிகள் உண்டு, அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டுவிட்டாள், போட்ட கையை வெட்ட வேண்டும், பெரியப்பா மகன் பூவரசன் அடுத்த நிமிஷமே எழுதிவிட்டான், தமிழன்தான் போயிருப்பான், நீ பயப்படாம எழுது தாயி. பின்னாலேயே புலிக்கொடி, கை முறுக்கிய படம், கும்பிடுகள். சிரித்தாள், சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஒன்று உறுத்தியது, பூவரசனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், அவனுக்குத் தமிழன் வேண்டும், ஹெல்யுவுக்கு அவள் மூதாதைகள் வேண்டும், எனக்கு, எனக்கு என்ன வேண்டும், டிசம்பரோடு முடிகிற வேலை நீள வேண்டும், அந்தக் கண்ணாடிக்காரர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். கல்லுக்கு யாரும் வேண்டாம். கல் தன்பாட்டுக்குக் கிடக்கிறது. குழி இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை, நான் விரும்பி ஒரு மயிரிழை ஆழம் கூட்ட முடியாது. அந்த நினைப்பு எப்படியோ இதமாக இருந்தது.

சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. அப்பா. அவரைத் தவிர இந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள், அங்கே சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்காரும் நேரம். மண் படாத முழங்கையால் பொத்தானை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டதும் வயல் முழுக்க அவர் குரல். "என்ன கண்ணு பண்ற? சாப்ட்டியா?" "இல்லப்பா, வேலையில இருக்கேன்." "ஆங்?" "வேலப்பா! வேலை!" "அந்தக் கல்லுதானா இன்னும்? இருக்கா, போச்சா?" "இருக்குப்பா. நாளைக்குத் தூக்கிருவாங்க." "தூக்கறதுக்கு ஏன் இத்தன நாளு? என்னக் கூப்பிட்டிருந்தா ஒரே மத்தியானத்துல பொடியாக்கிக் குடுத்துருப்பேன்." "பொடியாக்கக் கூடாதுன்னுதாம்ப்பா நான் இங்க மண்ணுல கெடக்கேன்!" அந்தப் பக்கம் அவர் பாட்டுக்குச் சிரித்தார், "நா ஒடச்சேன், நீ காப்பாத்து, போ. கணக்கு நேராயிரும். மொதல்ல சாப்புடு" என்று வைத்துவிட்டார். வாழ்க்கை முழுக்கக் கல் குவாரியில் வெடி வைத்தவர், அவர் காது அந்தப் பாறைகளோடு போய்விட்டது. அவளுக்குக் காது போகவில்லை, வேறு ஏதோ தங்கிவிட்டது. வெடிக்கு முன்னால் சங்கு ஊதும், எல்லாரும் வரப்புக்குப் பின்னால் ஓடிப் படுப்பார்கள், சங்குக்கும் வெடிக்கும் நடுவில் ஒரு மௌனம் வரும், காக்கை கத்தாது, நாய் குரைக்காது, வயிறு மட்டும் தனியாக எங்கேயோ இறங்கிக்கொண்டே போகும். பாடம் படித்து, பட்டம் வாங்கி, விமானம் ஏறி, பனியில் வழுக்கி விழுந்து எழுந்து, இத்தனை தூரம் வந்தும் அந்த மௌனம்தான் இப்போது இந்தத் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அதே வயிறு. அதே இறக்கம். இந்தத் தடவை வெடிக்கப்போவது கல்லா நானா. தூரிகை ஒரு பள்ளத்தில் இறங்கியது. மண்ணை ஊதினாள், கிள்ளி எடுத்தாள், பள்ளம்தான், விரலை வைத்தாள், விளிம்பு வெடுக்கென்று குத்தியது. சில்லு பெயர்ந்த வடு. பனி உடைத்தது. மனிதக் கை இல்லை. உறுதியான, இல்லை, இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மழைத்தண்ணீர் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை, தலைக்கு மேல் தார்ப்பாய். "என்ன?" என்றாள் ஹெல்யு. "ஒண்ணுமில்ல. வெறும் சில்லு." ஹெல்யு தலையாட்டினாள், பிறகு தார்ப்பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்து வெளிச்சம் அவள் பக்கமாக விழும்படி செய்தாள், அந்த வெளிச்சம் போதும்.

மண் நிறம் மாறிக்கொண்டு வந்தது. மேலே உழவு மண், பழுப்பு, புழுக்கள் நெளிகிற மண், அதற்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி ஒன்று, அதையும் மெல்ல வழித்தால் சட்டென்று கறுப்பு. அவள் கை நின்றது. கறுப்பு என்றால் எத்தனையோ கறுப்பு, அழுகிய வேர் கறுப்பு, சதுப்பு கறுப்பு, போன மாதம் ஒருவன் டயர் கொளுத்தியதைத் தோண்டி எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க ஆடவில்லையா. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துளி எடுத்து நசுக்கினாள், பொறபொறவென்று உடைந்து மை மாதிரி ஒட்டியது. கரி. எரிந்த மண். ஒரே ஒரு அடுக்காக, கோடு போட்ட மாதிரி, உழவுக் கலப்பை தொடாத ஆழத்தில், கல்லின் தோளை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது. சொல்லாதே, இப்போது எதுவும் சொல்லாதே, வாயைத் திறந்தால் போய்விடும். எந்திரம் உறுமுவது கேட்கவில்லை, மழை கேட்கவில்லை, கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்து முதுகோடு ஊர்ந்தது அதுமட்டும் தெரிந்தது. கரியைக் கல்லிலிருந்து தோல் உரிக்கிற மாதிரி உரித்தாள், கல் தெரிந்தது, செம்புள்ளி, இன்னொரு செம்புள்ளி, இன்னும் கொஞ்சம், பிறகு கல்லைக் காணவில்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு மட்டும். வட்டமாக. இல்லை, வட்டமாக இருக்க வேண்டும் என்று நீ பார்க்கிறாய், ஆசைப்படுகிறாய், பூவரசனே, சும்மா இரு. ஓரத்தைச் சுற்றி மரக்குச்சியால் கீறினாள், குச்சி தானாகத் திரும்பியது, திரும்பித் திரும்பி புறப்பட்ட இடத்துக்கே வந்தது. வட்டம். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். விரலை விட்டாள். குளிர்ந்த ஈரக் கரிக்குள் விரல் இறங்கியது, இறங்கி, வழவழவென்று ஒரு சுவரைத் தொட்டது, அந்தச் சுவரோடு வழுக்கிக்கொண்டே போய் அடியைத் தொட்டது, குழந்தையின் குதிகால் மாதிரி, எந்தப் பனியும் எந்த மழையும் இதைச் செய்யாது, யாரோ உட்கார்ந்து, பொறுமையாக, நாள்கணக்காக, பேசிக்கொண்டோ பாடிக்கொண்டோ தேய்த்திருக்கிறார்கள். விரலை வெளியே எடுத்தபோது நகத்துக்கடியில் ஏதோ உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் கீறலோடு ஒரு சின்னக் கறுப்பு மணி. வாற்கோதுமை. கருகினாலும் உருவம் குலையாத பார்லி. மறுபடியும் கிள்ளினாள், இன்னொன்று, அதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு, குழி நிறைய, யாரோ வைத்துவிட்டுப் போனது அப்படியே, அவர்கள் வைத்தார்கள், மேலே தீ வைத்தார்கள், மண் வந்து மூடியது, அதன்பிறகு இந்த நிமிஷம்வரை ஒரு விரலும் இதைத் தொடவில்லை.

"இருக்கு!" என்று கத்தினாள். எஸ்தோனிய மொழி, ஆங்கிலம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, தமிழ்தான் வந்தது, "இருக்குடீ! ஹெல்யு, இருக்குடீ, வாடீ இங்க!" என்று, வாங்க போங்க என்று மூன்று வருஷமாகக் கொடுத்த மரியாதையெல்லாம் காற்றில் பறக்க. ஹெல்யுவுக்கு ஒரு அட்சரம் புரிந்திருக்காது, புரிய என்ன இருக்கிறது, தார்ப்பாயை விட்டுவிட்டாள், அது பறந்துபோய் வேலியில் மாட்டிக்கொண்டு படபடத்தது, குனியக் கூடாத அந்த அம்மா ஈரச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பள்ளத்துக்குள் தலையை விட்டாள். "தண்ணி! தண்ணி உள்ள போகுது! மூடு!" என்று அலறினாள் உடனே, பவளக்கொடி தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பள்ளத்தின் மேல் பிடித்தாள், இருவரும் அதற்கடியில் கன்னத்தோடு கன்னம் உரச அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஹெல்யு உள்ளங்கையில் அந்த மணியை வாங்கிப் பார்த்தாள், அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று பவளக்கொடி பயந்து திரும்பினால், சிரிக்கிறாள், சத்தமே இல்லாமல், வாயெல்லாம் பல்லாக, முகத்தில் சேறு வழிய. "இத வெச்சவ என்ன பாஷை பேசினாள்னு இது சொல்லாது, தெரியுமில்ல?" என்றாள் பிறகு, ஆராய்ச்சிக்காரி இல்லையா, சிரிப்புக்கு நடுவிலும் விடமாட்டாள். "என் ஆளுங்களா இருக்கலாம். அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களா இருக்கலாம்." "இருக்கட்டும். மழை செய்யலைன்னு சொல்லும். பண்ணைக்காரன் செய்யலைன்னு சொல்லும்." "அது சொல்லும்" என்றாள் ஹெல்யு, "அத உரக்கவே சொல்லும்." பவளக்கொடிக்குத் தன் வயிறு ஞாபகம் வந்தது, இறங்கிக்கொண்டே இருந்த வயிறு, அது நின்றுவிட்டிருந்தது, எப்போது நின்றது, பசி மட்டும்தான் இருந்தது, நல்ல ஆரோக்கியமான, வெட்கமில்லாத பசி, ஒரு ஆட்டையே தின்னலாம். உடம்பெல்லாம் நனைந்து நடுங்கியது, நடுக்கம்கூட நன்றாக இருந்தது.

சத்தம் கேட்டு ராய்வோ எந்திரத்திலிருந்து இறங்கிச் சேற்றில் தொப் தொப்பென்று ஓடிவந்தான், யாருக்கோ அடிபட்டுவிட்டதென்று நினைத்திருக்கிறான், கையில் முதலுதவிப் பெட்டி. இரண்டு பெண்களும் மண்ணில் கிடந்து சிரிப்பதைப் பார்த்து நின்றுவிட்டான். ஹெல்யு அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து மழைக்கோட்டுக்கடியில் தலையை நுழைக்கச் செய்தாள். ரொம்ப நேரம் அந்தத் தலை வெளியே வரவில்லை. வந்தபோது தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தான்.

"இது எவ்வளவு பழசு?" என்றான்.

"ஆய்வுக்கூடம் சொல்லும். உங்க ஊர்த் தேவாலயத்தவிடப் பழசுன்னு நான் இப்பவே சொல்லுவேன்" என்றாள் ஹெல்யு.

"அப்போ தூக்க முடியாது."

"முடியாது. எரிஞ்ச அடுக்கு கல்லோட ஒட்டிக் கெடக்கு. கல்ல அசைச்சா எல்லாம் போச்சு. உங்க ஒப்பந்தத்துலயே இருக்கு, பழைய தடயம் கெடைச்சா வேலைய நிறுத்தணும்னு."

அவன் எழுந்து நின்றான். வயலின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை அடித்திருந்த சிவப்பு முளைக்குச்சிகளைப் பார்த்தான், அவை நேராக வந்து நேராகக் கல்லின் நெஞ்சில் முட்டி நின்றன. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான், சுருக்கமாகப் பேசினான், அந்தப் பக்கம் யாரோ கத்துவது இங்கேவரை கேட்டது, போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பவளக்கொடியைப் பார்த்தான்.

"ரோடு எப்படிப் போகும்னு கேக்குறாரு மேடம். நான் என்ன சொல்லட்டும்?"

பவளக்கொடி எழுந்தாள். கல்லின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள், முழுசாக நிமிர்ந்தாள். மேற்கே மேகத்துக்கடியில் ஒரு கீற்று வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. இந்தத் தடவை எஸ்தோனியச் சொற்கள் ஒன்றுக்கும் திக்கவில்லை, வரிசையாக வந்து நின்றன.

"சுத்திப் போகட்டும்" என்றாள்.